மூன்றாவது ட்ரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பாதியாக அறுத்த நீல ட்ரம் ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுங்குவார்சத்திரத்தில் ரோட்டோரம் வாங்கினாளாம். கீரை போடப் போகிறாளாம். நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். ஒரு ட்ரம்முக்கா இப்படி என்று மகள் கேட்டாள். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு நாலு. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பள்ளமான மனையில் சவுட்டு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி உயர்த்திக் கட்டிய வீடு எங்களுடையது. பின்புறம் நாலு கத்திரிச் செடியாவது வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கடப்பாரையைப் போட்டால் இரண்டு விரற்கடை இறங்கும். அப்புறம் செங்கல் துண்டோ கம்பியோ தடுக்கும். ஒரு நாளைக்கு ஒரு முழம் என்று வைத்துக்கொண்டாள். முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிடுவாள். மறுநாள் கொத்தி, மணல் சலிக்கிற சல்லடையில் சலிப்பாள். வற்றிக் கிடந்த ஏரியிலிருந்து வண்டலைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வந்து, ஆட்டுப் புழுக்கையோடு கலப்பாள். கடைசியில் ஈர மண்ணை உருண்டை பிடித்துக் கீழே போட்டுப் பார்ப்பாள். பொலபொலவென்று உடைந்தால் வேர் இறங்கும். கல் மாதிரி விழுந்தால் இன்னும் வேலை பாக்கி. ஒரு மாதம் முடிந்தபோது ஒரு கட்டில் அளவு இடத்தில்தான் உருண்டை உடைந்தது.

சித்தப்பாவுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அப்போதுதான் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தார். உலகத்தில் நல்ல பொருளெல்லாம் கம்பெனி கேட்டுக்குள்ளிருந்துதான் வெளியே வரும் என்பது அவர் கொள்கை. எங்கள் வீட்டு அலமாரி, கோழிக்கூண்டு, குளியலறைக் கதவு மூன்றும் கம்பெனி மரப்பெட்டிகளாக இருந்து மறுபிறவி எடுத்தவை.

"இன்னா அண்ணி, தோண்டிகினே பூமிக்கு அந்தாண்ட போயிடப் போற," என்றார். "ட்ரம்முல போடு. ஒரு கல்லு கெடையாது, களை கெடையாது. வெயிலடிச்சா நகத்தி வச்சிக்கலாம்."

"அதுல இன்னா இருந்துச்சி?"

"அந்தப் பேரெல்லாம் யாரு வாயில நொழையும்? கழுவினா போச்சி."

மூன்று ட்ரம்கள் வந்தன. சித்தப்பா மேல்பக்கத்தை அறுத்துத் தந்தார். அம்மாவுக்கு அரைமனசுதான். ஆனால் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயிருந்தன. கழுவும் வேலை என்னிடம் வந்தது.

"சோப்புத்தூள் போட்டு நாலு தண்ணி ஊத்து. வாசனை சுத்தமா போவணும். போனப்புறம் வந்து சொல்லு, அப்புறம்தான் மண்ணு."

இரண்டை ஒழுங்காகவே கழுவினேன். மூன்றாவது, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் மாதிரி மணத்தது. அந்த வாசனையைச் சோப்புப் போட்டு விரட்ட எனக்கு மனம் வரவில்லை. "போயிடுச்சிம்மா" என்று மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அம்மா தன் கட்டில் அளவுப் பாத்தியை அள்ளி ட்ரம்மில் நிரப்பினாள். மண் இரண்டுக்குத்தான் வந்தது. மூன்றாவது கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அதற்குள் தவழ்ந்து போய் உட்கார்ந்துகொள்வேன். தலை லேசாகும், காரணமில்லாமல் சிரிப்பு வரும். வெளியே வந்த பிறகும் தலைமுடியில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் தங்கையையும் கூட்டிப்போனேன். நம்ம வூடு இது என்றேன். அவளும் சிரித்தாள். அதற்குள் அம்மா கூப்பிட்டுப் பருப்பு வாங்கிவரச் சொன்னாள். திரும்பி வந்தபோதும் தங்கை உள்ளேயே படுத்திருந்தாள். காலைப் பிடித்து இழுத்தேன். எழவில்லை. தூங்குகிறாள் என்றுதான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அம்மா அவளை வெளியே இழுத்தபோது உதடு வெளுத்திருந்தது. ஆட்டோ ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரும்வரை அம்மா அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். நான் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதேன். பாதி வழியில் அம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினாள். குனிந்து என் உச்சந்தலையில் முகத்தை வைத்தாள். பிறகு மறுபடியும் தங்கையைத் தட்ட ஆரம்பித்தாள்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். முகமூடி வைத்து இரண்டு மணி நேரம் காற்றுக் கொடுத்த பிறகு கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். டாக்டர் கோபமாக வெளியே வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஷிப்டிலிருந்து ஓடிவந்திருந்த சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ட்ரம்மை யாரும்மா கழுவினது?"

"நான்தான் சார்," என்றாள் அம்மா. "சரியா கழுவல."

நான் தப்பித்துவிட்டேன். அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா இரண்டு ட்ரம் மண்ணையும் வேலி மூலையில் கொட்டி, அங்கே யாரும் எதையும் நடக்கூடாது என்றாள். கடப்பாரையை எடுத்து மூன்று ட்ரம்மின் அடியையும் குத்திக் கிழித்தாள்.

"வேணாம் அண்ணி, யாருக்குனா குடுத்தா தண்ணி புடிச்சி வச்சிப்பாங்க," என்றார் சித்தப்பா.

"அதுக்குத்தான் ஒடைக்கிறேன்."

அன்றைக்கே முதல் முழத்திலிருந்து மறுபடி தோண்ட ஆரம்பித்தாள். கத்திரி காய்க்க அடுத்த பொங்கல் ஆகிவிட்டது. சித்தப்பாதான் அதிகம் சாப்பிட்டார்.

தங்கைக்கு எதுவும் நினைவில்லை, சொன்னால் சிரிக்கிறாள். நான்தான் இந்த ஒரு வாரமாக மகள் தூங்கும்போது அவள் தலைமாட்டில் போய்க் குனிந்து நின்று வருகிறேன்.

அந்த வருடம் முழுக்க, காலையில் பின்னலைக் கட்டி முடித்ததும் அம்மா என் உச்சந்தலையில் மூக்கை அழுத்தி ஒருமுறை மூச்சை உள்ளே இழுப்பாள். பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். நான் அதற்காகவே தலையைச் சாய்த்துக் காத்திருப்பேன். அதை முத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.