ஹோர்மோன் சரிதான், சேவியர் அண்ணை!

போன வாரம் புதன்கிழமை காலை. டோர்ட்முண்டில் ஒரு ஹோர்மோன் டொக்டரின் அறை. வெளியே கார்களெல்லாம் உலகக் கோப்பைக் கொடியோடு ஓடிக்கொண்டிருந்தன. டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எல்லாம் நோர்மல். இவருடைய வயதுக்கு நல்ல அளவு."

நான் தமிழில் சொன்னேன். சேவியர் அண்ணையின் முகம் தொங்கிப்போனது.

"வடிவாக் கேளுங்கோ தங்கச்சி... பிழையா விளங்கியிருப்பியள்."

நல்ல செய்தி கேட்டு யாராவது இப்படி இடிந்துபோவார்களா?

நான் மொழிபெயர்ப்பாளர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, அகதி விசாரணை, பள்ளிக்கூடம்... கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். (அண்ணையும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் வேறு.)

அண்ணை மன்னார்க்காரர். வயது ஐம்பத்தாறு. பாண் (ரொட்டி) தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக இரவு வேலை. நோய் என்று படுத்ததில்லை. ஆனால் ஒரு வருடமாக உடம்பில் சோர்வு, எதிலும் பிடிப்பில்லை. முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு ஹோலில் தனியே படுக்கிறார்.

குடும்ப டொக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் குறைவு என்று இந்த ஹோர்மோன் டொக்டரிடம் அனுப்பினார். அந்த முதல் சந்திப்பு இருக்கிறதே... எனக்கு அப்படி வியர்த்ததே இல்லை.

"ஆசை குறைந்திருக்கிறதா?" என்று டொக்டர் ஜெர்மனில் கேட்டார். பசிக்கிறதா என்று கேட்பதுபோல, சாதாரணமாக! சித்திரவதைக் கதைகளையே குரல் நடுங்காமல் மொழிபெயர்த்தவள் நான். இந்த ஒரு வரி வாயில் வரவில்லை. எதிரே இருப்பவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர்.

"அண்ணை... அக்காவோட... முந்தி மாதிரி விருப்பம் இருக்கோ எண்டு கேக்கிறார்."

அவர் தரையைப் பார்த்தார். கடைசியில், "இல்லையெண்டு சொல்லுங்கோ. பூசுற ஜெல் ஒண்டு இருக்காமே... அதைத் தரச் சொல்லுங்கோ" என்றார்.

டொக்டர் தரவில்லை. முதல் ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டார். பின்னேரம் நாலு மணி. இரவு வேலை முடிந்து, அரைத் தூக்கத்தோடு.

அதை நம்ப முடியாது என்றார். இந்த ஹோர்மோன் காலையில் கூடியிருக்கும். பொழுது போகப் போக இறங்கும். தூக்கம் கெட்டாலும் இறங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது வருகிற திடீர் வீழ்ச்சி ஆண்களுக்கு வருவதில்லை. ஆரோக்கியமான ஆணுக்கு, வயது ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். இரண்டு வாரம் லீவு போட்டு, இரவில் தூங்கி, காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

அண்ணை அப்படியே செய்தார். ரிசல்ட் கேட்கப் புதன்கிழமை போனால்... காத்திருக்கும் அறையில் ஸ்டெல்லா அக்கா! அண்ணையின் சட்டைப் பையில், டொக்டரைப் பார்க்கும் நேரம் குறித்த டெர்மின் அட்டையைக் கண்டுபிடித்து, பின்னாலேயே வந்திருக்கிறார்.

"இவருக்கு வேற ஆரோ பொம்பிளை இருக்கெண்டு நினைச்சன் தங்கச்சி. இப்ப டொக்டரிட்டயும் ஒளிச்சு வாறார். உண்மையைச் சொல்லாட்டி சனிக்கிழமை பாரிஸுக்கு என்ர அக்காவிட்டப் போறன். திரும்பி வரமாட்டன்."

உள்ளே போனால், 'நோர்மல்'!

"வருத்தம், நோய் எண்டிருந்தா மனிசிக்குக் காட்ட ஒரு கடுதாசியாவது இருந்திருக்கும்" என்றார் அண்ணை. கண் கலங்கிவிட்டது. "இப்ப என்னத்தைச் சொல்லுறது?"

மொழிபெயர்த்தேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தச் சோர்வுக்கு இரவு வேலை காரணமாக இருக்கலாம். மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதையும் பார்ப்போம். பகல் வேலைக்கு மாற்றக் கடிதம் தருகிறேன். ஆனால் மனைவியிடம் நீங்கள்தான் பேச வேண்டும்."

வெளியே வந்தோம். அக்கா எழுந்து என்னைத்தான் கேட்டார். "என்னவாம்?"

நான் சொல்லக்கூடாது. தொழில் விதி. அண்ணையைப் பார்த்தேன். அவர் டொக்டர் தந்த கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஸ்டெல்லா... எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையாம். பொம்பிளையும் இல்லை. கிட்ட வந்து ஏலாமப் போச்செண்டால் எண்டு பயந்து... அதுதான் தள்ளிப் படுத்தனான்."

அக்கா அவரையே பார்த்தார். அடித்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

"ஒரு வருசமா நான் கண்ணாடிக்கு முன்னால நிண்டு, என்னைத்தான் உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டு அழுதனான். ஒரு சொல்லுச் சொன்னீங்களோ?"

சத்தமாகத்தான் கேட்டார். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த இரண்டு ஜெர்மன்காரர்களும் நிமிர்ந்தார்கள். மொழி விளங்கியிருக்காது, விஷயம் விளங்கியிருக்கும்.

சனிக்கிழமை அக்கா பாரிஸுக்குப் போகத்தான் செய்தார். அண்ணையும் கூடப் போனார். திங்கட்கிழமை திரும்பி வந்ததும் அக்காவே போன் எடுத்தார். "கோவம் இன்னும் போகேல்லை தங்கச்சி. ஆனா ரெயினுக்குள்ள நாலு மணித்தியாலமும் கதைச்சுக்கொண்டு வந்தார்."

வயது ஏற ஏற ஹோர்மோன் இறங்குகிறது, சரி... இந்த ஆண்களின் வீம்பு மட்டும் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது?