மகளின் மேல் நிற்காத என் தோல்

என் தோலை எடுத்து என் மகள் மேல் ஒட்டினார்கள். சில வாரம் இருந்தது. பிறகு உரிந்து வந்துவிட்டது. சகோதரிகளே, அந்த நாட்களில் என் இறைவன், என் ரப்பு எங்களுக்குச் செய்ததை அவன் பெயரைச் சொல்லியே உங்களிடம் சொல்லத் தொடங்குகிறேன்.

1962ஆம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்த சமயம். நாங்கள் திருச்சி பாலக்கரையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்தார். காலையில் பாலம் தாண்டிப் போனால் அந்தி சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குத்தான் திரும்புவார். எங்களுக்கு ஒரே மகள். மும்தாஜ், ஏழு வயது. அன்று மத்தியானம் மண்ணெண்ணெய் ஸ்டவ் பக்கம் ஓடியவளின் பாவாடையில் தீப்பிடித்தது. பெருநாளுக்கு அவளுடைய அத்தாவே தைத்துக் கொடுத்த பாவாடை. சாக்கைப் போட்டு அணைத்தேன். அதற்குள் முதுகும் இடது தோளும் கழுத்தும் வெந்துவிட்டன.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டு மாற்ற வரும்போதெல்லாம் பிள்ளை என் முந்தானையைக் கடித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் அதற்கும் தெம்பில்லாமல் போனது. காய்ச்சல் விடவில்லை. சீழ் நிற்கவில்லை. கஞ்சியைப் புகட்டினால் வாயோரம் வழிந்தது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். "மிஷின்ல உக்காந்தா அந்தப் பாவாடதான் தெரியுது" என்றார்.

நான் ஐந்து வேளையும் தொழுதேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். நாளாக ஆக துஆவுக்குக் கையேந்தவே அலுப்பாக இருந்தது. கேட்டதையே எத்தனை தடவை கேட்பது?

மெட்ராஸில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு சர்ஜன் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார்.

"புண்ணு இப்படித் திறந்தே கிடந்தா உடம்புல உள்ள சத்தெல்லாம் அது வழியாவே போயிடும். அவ தோலையே எடுத்து ஒட்டலாம்னா இப்ப அவ தாங்க மாட்டா. பெத்தவங்கள்ல ஒருத்தர் தோல் குடுத்தா மூடிப் பாக்கலாம்."

"எங்கிட்ட எடுங்க டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார்கள். நான் ஒத்துக்கொண்டேன். உறவில் சிலர், பொம்பளையின் தொடையில் ஆம்பளை டாக்டர் தோல் எடுப்பதா என்று முணுமுணுத்தார்கள். வாயே திறக்காத என் வீட்டுக்காரர் அன்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். "புள்ள உசுருக்குக் கெடக்குது. பேசுறதுன்னா எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் பேசுங்க!"

ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. இளஞ்சிவப்பாக நிறம் ஏறியது. காய்ச்சல் இறங்கியது. மும்தாஜ் தானாகவே, "அம்மா, பசிக்குது" என்றாள். அடுத்த கட்டிலில் உப்பிலியபுரத்து அம்மாள் ஒருத்தி தன் மருமகளோடு இருந்தாள். அவள் தன் தூக்குவாளியிலிருந்து சுடுகஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். "சமயபுரத்தா கிட்டயும் உம் மவளுக்காகச் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "உன் மேல இருக்குறது என் தோலுடி" என்று பிள்ளையிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். யா அல்லாஹ், இது இப்படியே நிலைக்கட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன்.

நிலைக்கவில்லை. ஓரங்கள் முதலில் கறுத்தன. பிறகு கட்டைப் பிரித்தபோது துணியோடு சேர்ந்து தோலும் வந்தது.

நான் பெற்ற பிள்ளை. அவளுக்கு என் தோல் ஆகாதாம். இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன வேதனை வேண்டும்? அன்று மத்தியானம் லுஹர் தொழ நின்றேன். தோல் எடுத்த தொடை இன்னும் எரிந்தது. கட்டில் ஓரத்துச் சிமெண்டுத் தரையில் தலையை வைத்தவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. துஆவும் வரவில்லை. "எனக்குக் கேக்கத் தெரியலை, நீயே பாத்துக்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சாயங்காலம் சர்ஜன் வந்து புண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா அழுறீங்க? அடுத்தவங்க தோல் நிரந்தரமா நிக்காது. தாயோடதா இருந்தாலும் உடம்பு தள்ளிடும். இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னிக்கே சொன்னேனே. நமக்கு வேண்டியிருந்தது அவகாசம். அது கெடச்சிடுச்சு. அடியில பாருங்க, புண்ணு எவ்வளவு சுத்தமா இருக்கு! இப்ப அவ தோலையே எடுக்கலாம், தாங்குவா."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீ ஒடிஞ்சிடுவே. நீ சிரிச்சதப் பாத்துத்தான் அவளும் சாப்பிட்டா. நானும் அதப் பாத்துத்தான் நின்னேன்" என்றார்.

நிலைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நிலைக்காத ஒன்றை வைத்தே என் பிள்ளையைக் கரை சேர்க்க என் ரப்பு முடிவு செய்திருந்தான். ஹஜ்ஜுப் பெருநாளை அந்த வார்டிலேயே கழித்தோம். அதற்கு அடுத்த வாரம் அவளுடைய காலிலிருந்து தோல் எடுத்து, இரண்டு தவணையாக ஒட்டினார்கள். இந்தத் தடவை அது உரியவில்லை. காவிரியில் புதுவெள்ளம் வந்த நாட்களில் மகளை ஜட்காவில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று அவளுக்குப் பதினான்கு வயது. கழுத்துத் தழும்பு அப்படியேதான் இருக்கிறது. இடது கையை முழுதாகத் தூக்க முடியாது. கண்ணாடி முன்னால் நின்று சில நாள் அழுவாள், நானும் கூட அழுவேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இருக்கிறாள். சத்தம் போட்டுக் குர்ஆன் ஓதுகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு அந்த வார்டுக்குப் போகிறேன். அங்கே வெந்த பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் புத்தி சொல்வதில்லை. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், கொஞ்சம் கண்ணயருங்கள் என்பேன்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்து போயிருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். வார்த்தை வராவிட்டால் விடுங்கள். தலையை மட்டும் தரையில் வையுங்கள். களைத்துப்போனவளின் மௌனமும் அவனுக்குக் கேட்கிறது.