மடக்காத முட்டி

ஒத்தக்கடையில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் என் வயதுப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் குதி குதித்தேன். "இறங்குறப்ப முட்டியை மடக்குங்கம்மா. விறைப்பா இறங்குனா மூட்டு போயிரும்" என்றாள் பயிற்சி தரும் பெண். எனக்குச் செல்வியின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. விளாங்குடியில் எங்கள் தெருக் குழாயடியில் கழுத்துயரத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் மேலேறி சிமெண்டுத் தரையில் குதிப்போம். பக்கத்து வீட்டுச் செல்வியை நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. அதனால் புது விதி போட்டேன்: "முட்டி மடங்குனா அவுட்டு." முதலில் நானே குதித்தேன். மடக்கித்தான் இறங்கினேன்; கணுக்கால்வரை தொங்கிய பாவாடை அதை மறைத்துவிட்டது. செல்வி என்னை நம்பி, கம்பு மாதிரி விறைப்பாக இறங்கினாள். அவளால் எழவே முடியவில்லை.

வைத்தியர் உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்து அவள் வலது முட்டியில் கட்டுப் போட்டார். அந்தப் பச்சை வாடைக்கு நடுவே அவள் அம்மா கேட்டார்: "யாருடி இப்படிக் குதிக்கச் சொன்னது?"

செல்வி என்னைப் பார்த்தாள். "நானாத்தாம்மா குதிச்சேன்."

"ஆமா அத்தை, நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றேன் நான்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காலை விந்தி விந்தியே நடந்தாள்.

மறுபடி குதித்தேன். "அழகா மடக்குறீங்களேம்மா! சின்ன வயசுலயே பழக்கமா?" என்று கேட்டாள் பயிற்சிப் பெண்.

செருகலை அவிழ்த்து, சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.