ஏழுமலை அண்ணனுக்குப் போட்ட நாலு மார்க்

தையல் மிஷின் எண்ணெயும் சூடான இஸ்திரிப் பெட்டியும் கலந்த வாடை எங்கேயாவது மூக்கில் ஏறினால், எனக்கு உடனே மார்க் போடுகிற ஞாபகம் வந்துவிடும். நான் கணக்கு டீச்சர். இருபது வருஷமாகப் பிள்ளைகளின் விடைத்தாள்களுக்குப் போடும் மார்க்கைச் சொல்லவில்லை. அதற்கும் முன்னால், ஏழாம் வகுப்புப் படிக்கும்போதே, திருவண்ணாமலையில் எங்கள் அம்மாவின் டெய்லர் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மீசை வைத்த ஆம்பளைகளுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஆம்பளைகள் ஒரு மெல்லிசைக் குழுக்காரர்கள். போர்டில் என்னவோ நீளமான பெயர் எழுதியிருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை. "நம்ம செட்டு" என்றால் போதும். ஓவிய ஆசிரியராக இருந்த குமரேசன் வாத்தியார் கிடார் வாசிப்பார், தபேலாவுக்கு ஒருவர், கீபோர்டுக்கு இரண்டு பேர். பாடுகிறவர் ஒருநாள் கோபித்துக்கொண்டு வேலூர் செட்டுக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்காமல் வாத்தியார் வாத்தியங்களை மட்டும் வைத்து ஒரு கச்சேரியை ஒப்பேற்றினார். அது ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. பாட வாயில்லாததால் பாட்டு மூன்று நிமிஷத்தில் முடியவேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. எல்லோருக்கும் தெரிந்த பல்லவியில் கிளம்பி, யாருக்கும் தெரியாத இடங்களில் எல்லாம் அலைந்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து அதே பல்லவிக்கு வந்து நிற்கும். அதற்கு எங்கள் கடையில் கூடுகிற கூட்டம் வைத்த பெயர் "கிரிவலம்".

பெயர் வைத்ததோடு விடவில்லை. மலையைச் சுற்றும் வழியில் இருக்கிற எட்டு லிங்கங்களும் விமர்சனத்துக்கு வந்து சேர்ந்தன. அலைச்சல் பாதியில் சலித்துப்போனால் "நிருதி லிங்கத்துலயே துண்டு போட்டுப் படுத்துட்டான்" என்பார்கள். அவசரமாகப் பல்லவிக்கு ஓடி வந்தால் "எம லிங்கத்துகிட்டயே ஆட்டோ புடிச்சுட்டான்" என்பார்கள். எட்டையும் சுற்றி வந்தால்தான் முழு மார்க். கச்சேரிக்கு மறுநாள் காலையில் அம்மா கடையைத் திறந்ததும் லாட்ஜ் மேனேஜர் டீ கிளாஸோடு வந்துவிடுவார். தபால்கார ராஜி அண்ணன் பையை மாட்டியபடியே நின்றுகொள்வார். அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள். நல்ல இடத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் காலும் அந்தத் தாளத்துக்கு மாறிவிடும், ஜாக்கெட்டில் தையல் கோணிப்போகும். "இந்தச் செட்டால எனக்குப் பிரிக்கிற வேலைதான் ஜாஸ்தி" என்று திட்டிக்கொண்டே பிரிப்பாள்.

மூவரும் சண்டை போட்டு முடித்ததும் மார்க்கை நான் நோட்டில் எழுத வேண்டும். பத்துக்கு இத்தனை என்றும், பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பும். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் எனக்கு அந்தப் பதவி. நோட்டு ஒளிவுமறைவு இல்லாமல் மேஜை மேலேயே கிடக்கும். செட்டுக்காரர்கள் வந்து புரட்டிப் பார்ப்பார்கள். எங்கள் மார்க்கை அவர்கள் மதித்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு கீபோர்டுக்காரர்களில் முன்னால் நிற்பவன் பாபு. தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு வாசிப்பான். வாசிக்காதபோதும் வாசிப்பவன் போலவே இருப்பான். எங்கள் தெருப் பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் அவன் கட்சி, நானும்தான். பின்னால் நிற்பவர் ஏழுமலை அண்ணன். அடி அண்ணாமலையில் கழனி வைத்திருந்த குடும்பம். பாபுவின் வாசிப்புக்குக் கீழே அணை கொடுத்தமாதிரி நாலைந்து கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. அவருக்கு வழக்கமாக ஐந்து மார்க். குறிப்பு எழுத எங்களுக்கு எதுவும் தோன்றாது.

அந்தக் கார்த்திகையில் வாத்தியார் கடைக்கு வந்து ஒரு விஷயத்தைச் சொன்னார். தை பிறந்தால் புது கீபோர்டு வருகிறது, அதில் இரண்டு பேர் வேலையை ஒருத்தரே பார்க்கலாம், யாராவது ஒருவரை நிறுத்தியாக வேண்டும். "என்னால முடிவெடுக்க முடியலீங்க. ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். தீபத்தன்னிக்கு வாசிக்கறோம், வந்து கேளுங்க. உங்க நோட்டு என்ன சொல்லுதோ அப்படியே செஞ்சுடறேன்" என்றார். மேனேஜர் டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கள் கடை ஏதோ கோர்ட்டு மாதிரி ஆகிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தீபத்தன்று எங்கள் தெரு முனையில் வியாபாரிகள் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு எதிரே ஜனம், ஜனத்தின் முதுகுக்குப் பின்னால் மலை. உச்சியில் தீபம் தெரிகிற நேரத்திலும் பாட்டு நிற்கக் கூடாது என்பது மேடை போட்டவர்களின் உத்தரவு. ஐந்தரை மணிக்கு மேல் செட்டு ஒரு பழைய பாட்டை எடுத்தது. இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று மேனேஜர் விரல் விட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு எங்கேயோ வெடி வெடித்தது, கோயில் பக்கமிருந்து இரைச்சல் புறப்பட்டு வந்தது, மொத்தத் தெருவும் ஒன்றாகத் திரும்பி மலையைப் பார்த்துக் கையைத் தூக்கியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" அம்மா அழுதாள். வருஷா வருஷம் அழுவாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், எங்கள் முதுகுக்குப் பின்னால், பாட்டு நிற்கவில்லை. மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கீபோர்டு மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. இதுவரை அந்தச் செட்டு போகாத வழியில் எல்லாம் அது போனது. எனக்குக் கழுத்தின் பின்பக்கம் சிலிர்த்துவிட்டது. ஆனால் தீபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டித் திரும்ப எங்கள் ஊரில் யாருக்கு மனசு வரும்? நாலைந்து நிமிஷம் கழித்து ஜனம் மேடைப் பக்கம் திரும்பியபோது, பாபு கீபோர்டில் கை வைத்தபடி, நெற்றி வேர்வையோடு, பல்லவியை முடித்துக்கொண்டிருந்தான். தெருவே கை தட்டியது. அவன் குனிந்து கும்பிட்டான்.

மறுநாள் கடையில் சண்டையே இல்லை. பாபுவுக்குப் பத்து. அந்த நோட்டில் விழுந்த முதல் பத்து அதுதான். ஏழுமலை அண்ணனுக்கு மேனேஜர் ஐந்து என்றார், "அவ்ளோ பெரிய எடத்துல இன்னா பண்ணாரு அவரு? ஒண்ணு கொறைங்க" என்றார் ராஜி அண்ணன். அம்மாவும் தலையாட்டினாள். நான் நாலு என்று எழுதினேன். பக்கத்தில் குறிப்பு எழுத யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன்: "பின்னால் சும்மா நின்றார்."

சாயங்காலம் பாபு வந்தான், பத்தைப் பார்த்தான், தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு சிரித்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் ஏழுமலை அண்ணன் சைக்கிளில் வந்தார். நின்றபடியே படித்தார். ஒருவரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது; அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். தை மாதத்திலிருந்து அவரை மேடையில் பார்க்கவில்லை.

போன கார்த்திகையில் எங்கள் பழைய தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், அன்றைக்கு மேடை போட்ட ஜவுளிக்கடைக்காரரின் மகன் ஒரு வீடியோவை அனுப்பியிருந்தான். அப்பாவின் பீரோவில் கிடந்த பழைய கேசட்டாம், இப்போதுதான் போனுக்கு மாற்றினானாம். வீடியோ எடுத்தவரும் எங்கள் ஊர்க்காரர்தானே? ஆறு மணிக்கு அவரும் கேமராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டு மலைப்பக்கம் போய்விட்டார். அந்தத் தெருவில் மலையைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது கேமரா ஒன்றுதான்.

அதில் குமரேசன் வாத்தியார் கிடாரை விட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறார். தபேலாக்காரர் எழுந்து நிற்கிறார். பாபு கீபோர்டை விட்டு மேடை விளிம்புக்கு வந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக் கண்ணை மூடிக்கொள்கிறான். பின்னால் ஏழுமலை அண்ணன் மட்டும் குனிந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். வெடிச்சத்தத்துக்கும் அரோகராவுக்கும் நடுவில் அந்த நாலைந்து நிமிஷமும் அவர் ஒருவர்தான். ஜனம் திரும்பப்போகிற நேரத்தில் பாபு அவசரமாக ஓடி வந்து கட்டைகளில் கை வைக்கிறான்.

அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தவள், "ஐயய்யோ, தப்பால்ல போட்டுட்டோம்" என்றாள். போனை என்னிடம் திருப்பித் தந்தாள். பிறகு, "என் முட்டி இருக்கற நிலைக்கு என்னால வர முடியாது. நீ போய் அவரைப் பாரு. நாங்க காதால கேட்டது தப்பு இல்ல, பாக்காம பேர் போட்டதுதான் தப்புனு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள். எனக்கோ பேரைவிட அந்த மூன்று வார்த்தைக் குறிப்புதான் உறுத்தியது. அதை யாரும் எழுதச் சொல்லவில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, தண்ணீர் பாட்டிலும் விபூதிப் பாக்கெட்டும் விற்கிற சின்னக் கடை அவருடையது. பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன். முடி நரைத்திருந்தது, மற்றபடி அதே குனிந்த உடம்பு. டெய்லரம்மா மகள் என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் வந்த விஷயத்தைச் சொல்லாமலே போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். முழுதும் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"கோவமா இருந்தீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"பின்ன இல்லாமலா? ரெண்டு வருஷம் டவுன் பக்கமே வரல. கீபோர்ட தூக்கி எங்க மச்சானுக்குக் குடுத்துட்டேன்." போனைப் பார்த்தபடியே சொன்னார்: "எல்லாரும் விட்டுட்டாங்க. நானும் விட்டா பாட்டு நின்னுடும். தீபம் ஏத்தறதைப் பாக்கணும்னு எனக்கும்தான் இருந்துச்சு. பொறந்ததுலருந்து அந்த ஒரு வருஷந்தாம்மா பாக்கல."

அந்தக் குறிப்பை எழுதியது நான்தான், யாரும் சொல்லாமல் நானாக எழுதியது என்று சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார். அம்மா சொல்லி அனுப்பியதையும் சொன்னேன். அந்த வேகத்தில், "அன்னிக்கு அந்தப் பத்து உங்களுக்குப் போட்டிருக்கணும்ணா" என்றேன்.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "பத்தா? அன்னிக்கும் பாக்காம போட்டீங்க, இன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துப் போடறே. இப்ப கேளு." வீடியோவை மறுபடி ஓடவிட்டு, போனைத் தண்ணீர்ப் பெட்டி மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். படம் இல்லை, சத்தம் மட்டும். இருவரும் குனிந்து கேட்டோம். எட்டில் ஆறாவது ஏழாவது லிங்கம் வரும் இடத்தில் ஒரு விரல் தப்பான கட்டையில் விழுந்தது. அது எனக்கும் கேட்டது. அடுத்த சுற்றில் அதே தப்பை வேண்டுமென்றே இரண்டுமுறை வாசித்து, அதைப் பாட்டோடு சேர்த்துக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்குச் சிலிர்த்தது அந்த இடத்தில்தான்.

"குபேர லிங்கத்துகிட்ட சறுக்கிட்டேன் பாத்தியா? முடிக்கும்போதும் கொஞ்சம் ஓடிட்டேன். ஆறு போடலாம்" என்றார்.

"ஏழு" என்றேன்.

"ஆறுதான்மா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நானா இருந்தா எட்டு போட்டிருப்பேன்" என்றாள்; பிறகு யோசித்து, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டார். செட்டு கலைந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பாபு எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. பரணையும் பீரோவின் அடித்தட்டையும் துழாவிப் பார்த்துவிட்டேன், அந்த நோட்டு கிடைக்கவில்லை. நாலை அடித்துவிட்டு ஆறு என்று எழுத இடமில்லை. என் கையெழுத்து மட்டும் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.