குருமலையின் கடைசி மயில்சிகை

வெள்ளைத்தாயைக் கோபக்காரி என்று சொன்னவர்கள் யாரும் குருமலைச் சரிவில் ஒருநாள்கூட ஆடு மேய்த்தவர்கள் இல்லை. கோபப்படாமல் பின்னே என்ன செய்வாள்? ஐம்பதுகளில் ஓடைப் பாறைகளின் இடுக்கெல்லாம் மயில்சிகை அடர்ந்து கிடந்தது. ஒரு சாண்கூட வளராத பெரணி. மயில் கொண்டையை விரித்து வைத்த மாதிரி இருக்கும். மருந்துக்கு ஆகும் என்று கோவில்பட்டிக் கடைகளில் எடைபோட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், சாக்கும் கையுமாக வந்த பயல்கள் வேரோடு வழித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஓடைக்கு மேலே ஒரே ஒரு கொத்து.

அதற்கு வெள்ளைத்தாய்தான் காவல். தன் ஆடுகளைக்கூட அந்தப் பக்கம் அண்டவிட மாட்டாள். சாக்கோடு வந்தவனைத் தொரட்டிக்கம்போடு கயத்தாறு ரோடு வரைக்கும் விரட்டியிருக்கிறாள். நாட்டுமருந்துக் கடை சேக் முகம்மதுவிடமும் நேரே போய் நின்றாள்.

"பாய், இப்படி வேரோட வாங்குதீங்களே, நாளைக்கு எதை வாங்குவீங்க?"

மனுஷர் நல்லவர். "இனிமே என் கடைக்கு அது வராது தாயி" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோடையில் மயில்சிகை செத்தது மாதிரி சுருண்டுவிடும். மழை பட்டதும் எழுந்துவிடும். இது தெரிந்தால் திருட்டுப் பயல்கள் கோடையிலும் வருவார்களே என்று வாயைப் பூட்டிக்கொண்டாள்.

ஒரு சித்திரையில் விளாத்திகுளத்தில் மகளுக்குப் பிரசவம். புறப்படும்போது புருஷன் பிச்சையாவிடம் சொன்னாள்: "அந்தக் கொத்துக்கு ஒண்ணும் ஆகப்படாது. பாத்துக்கிடும்."

வெயில் ஏற ஏறக் கொத்து சுருண்டது. நம்மை நம்பி விட்டது சாகுதே என்று பிச்சையா வைத்தியம் பார்க்கக் கிளம்பினார். கரிசல்காட்டு ஆளுக்குத் தெரிந்த வைத்தியம் கிடை எருதானே? ஆடு அடைந்த இடத்துப் புழுக்கையை மூத்திர ஈரத்தோடு அள்ளி, பெட்டி பெட்டியாக மலைக்குச் சுமந்து, இடுக்கு நிறைய அடைத்துவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தவள் போட்ட சத்தம் அடிவாரம் வரை கேட்டது.

"பருத்திக்குப் போடுத எருவைப் பாறையில கொண்டு அடைச்சிருக்கீரே. வேரு வெந்துரும்யா."

இருவருமாக விரலால் தோண்டி எடுத்தார்கள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஐப்பசியில் மழை இறங்கியது. நனைந்துகொண்டே ஏறினாள், பின்னாலேயே பிச்சையாவும் வந்தார். பாறையைச் சுற்றிப் புல்லெல்லாம் நிமிர்ந்திருந்தது. கொத்தைத் தொட்டாள். அழுகிப்போய்க் கையோடு வந்தது.

"களவாணிப் பயலுக பிடுங்கியிருந்தாக்கூட ஒரு துண்டு வேரு தங்கியிருக்கும். நீரு அதுவும் இல்லாமப் பண்ணிட்டீரு."

பிச்சையா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"சுருண்டாலும் சாகாதுன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா. நானுமாடி களவாணி?"

கட்டின புருஷனைக்கூட நம்பாதவளாக அவளை ஆக்கிவைத்தார்களே, அந்தச் சாக்குக்காரப் பயல்கள் விளங்கவா போகிறார்கள்.