மேட்டுல மட்டும் நிக்கிற கரண்டு சைக்கிள்

ரிப்பேர் வேலையில, முழுசா செத்துப்போன வண்டியப் பார்த்து யாரும் பயப்படுறதில்ல. ஓடிக்கிட்டே இருந்து, நடுவுல நின்னு, நாம போய்த் தொட்டதும் நல்ல பிள்ளையா ஓடுற வண்டிதான் மனுசனோட மானத்த வாங்கும். ரிமோட்ட ரெண்டு தட்டு தட்டி டிவி பார்க்கிறவங்களே, வயர ஒரு பக்கமா வளைச்சுப் பிடிச்சுக்கிட்டே போன் சார்ஜ் பண்றவங்களே, நீங்க என் இனம். உங்ககிட்டதான் இதெல்லாம் சொல்ல முடியும்.

நான் மலேசியாவுல, கேமரன் மலையில ஒரு தேயிலை ஃபேக்டரியில ஃபிட்டர். வேல நேரம் போக, பழைய சைக்கிள்ல மோட்டாரும் பேட்டரியும் மாட்டி கரண்டு சைக்கிளா மாத்துறது என் கிறுக்கு. முதல் சைக்கிள அஞ்சலை அக்காவுக்குச் செஞ்சேன். அக்கா தினமும் நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோறு, பொட்டலம் கட்டி, மேல் மலையில கொழுந்து வெட்டுறவங்களுக்குப் பத்து மணி பசியாறலுக்குக் கொண்டுபோய் விக்கிறவங்க. என் பேச்ச நம்பி, இருந்த பழைய மோட்டார் சைக்கிளையும் கொழுந்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. இத மனசுல வச்சுக்குங்க. பின்னால எனக்குச் சோறு எறங்காமப் போனதுக்கு இதுதான் காரணம்.

முட்டைக்கோஸ் தோட்டத்துல முதல் பாடம்

முதல் நாள் அக்கா எறக்கத்துல வர்றப்ப பிரேக்கப் பிடிச்சாங்க. ஆனா வலது கை ஆக்சிலேட்டர விடல. பிரேக் பின்னால இழுக்குது, மோட்டார் முன்னால தள்ளுது. கடைசியில மோட்டார்தான் ஜெயிச்சுது. சைக்கிள் நேரா லயத்து வீடுகளுக்குப் பக்கத்துல இருந்த முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள்ள போய் நின்னுச்சு. அக்காவுக்கு ஒண்ணும் ஆகல, ரெண்டு முட்டைக்கோஸ்தான் போச்சு.

அன்னிக்கே இடது பக்க பிரேக் கைப்பிடிக்குள்ள ஒரு சின்ன சுவிட்ச் வச்சேன். கைப்பிடி லேசா அசைஞ்சாலே மோட்டாருக்குப் போற கரண்டு கட்டாயிடும். விரல் பட்டாலே போதும்ங்கிற அளவுக்கு நுணுக்கமா வச்சுட்டு, எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன். அக்கா நாலு தடவ ஓட்டி, நாலு தடவ நிறுத்திப் பார்த்துட்டுச் சொன்னாங்க: “என் வீட்டுல நான் சொன்ன ஒடனே நிக்கிறது இது ஒண்ணுதான், தம்பி.”

ஃபேக்டரி வாசல்ல யோக்கியன்

ரெண்டு வாரம் சைக்கிள் ஜம்முனு ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் மேல் மலைக்கு ஏறுற ரெண்டாவது வளைவுல படுத்துக்கிச்சு. அக்கா எறங்கித் தள்ளினா ஓடுது, ஏறி உட்கார்ந்து பத்தடி போனா நிக்குது. இப்படியே தள்ளி ஏறி, தள்ளி ஏறி, பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தா, எல்லாரும் கையில இருந்த பிஸ்கட்டத் தின்னுட்டு வேலைக்குத் திரும்பிட்டாங்க. மலைக்குப் பொறுப்பா இருக்கிற மணியம் கங்காணி கண்டிப்பாச் சொல்லிட்டாரு. மூணு தடவ லேட்டானா, டவுன்ல இருந்து ஒரு சாப்பாட்டு வேன மேல வரச் சொல்லிடுவாராம். அந்த வேன் வந்துட்டா அக்கா பொழப்பு அவ்வளவுதான்.

அன்னிக்குச் சாயந்தரமே அக்கா சைக்கிள ஃபேக்டரி வாசலுக்குக் கொண்டுவந்துட்டாங்க. கைப்பிடியில எனக்காக ஒரு டீ புங்குஸ் தொங்குச்சு. காதர் பாய் கடை டீ, பிளாஸ்டிக் பையில ஊத்தி, கயிறு கட்டி, ஸ்ட்ரா சொருகினது. டீ குடிக்காம நான் ஸ்பேனரத் தொடுறதில்ல. குடிச்சேன். அப்புறம் ஃபேக்டரிய மூணு சுத்து சுத்தினேன், பின்னாடி இருக்கிற மேட்டுல ஏத்தினேன். ஒரு எடத்துலயும் நிக்கல. அக்கா கையக் கட்டிக்கிட்டுப் பார்த்துட்டு இருந்தாங்க: “ஒன்ன மாதிரியேதான் இருக்கு தம்பி. துரை பார்த்தா மட்டும் வேல செய்யுது.”

பிளாஸ்டிக் வைத்தியம்

பனிமூட்டத்து மேல பழியப் போட்டேன். எங்க ஊர்ல அதுதான் சௌகரியம், அது எதுத்துப் பேசாது. பேட்டரி சாக்கெட் லேசாப் பச்ச பூத்திருந்துச்சு, வெட்டிப் போட்டுட்டுப் புதுசு வச்சேன். மோட்டாருக்குக் கரண்ட அளந்து விடுற கண்ட்ரோலரக் கழட்டி, என் சம்சாரத்தோட தலை காய வைக்கிற மெஷின்ல காய வச்சேன். பேட்டரி பெட்டிக்குள்ள ஆடுதோன்னு அட்டைய மடிச்சுச் சொருகினேன். கடைசியா எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையால இறுக்கிச் சுத்தினேன். அந்த மூணு நாளும் காலையில அக்கா பொட்டலத்தத் தலையில சுமந்து குறுக்குப் பாதையில நடந்தே போனாங்க, சாயந்தரம் சைக்கிளோட என்கிட்ட வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் டீ வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் குடிச்சேன், ஒவ்வொரு தடவையும் சைக்கிள் அருமையா ஓடுச்சு.

மறுநாள் அதே ரெண்டாவது வளைவுல நின்னுச்சு. ரெண்டாவது லேட்டு. வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கிட்டு வந்த அக்காவ விட்டுட்டு, கங்காணி சைக்கிளத்தான் ஏற எறங்கப் பார்த்தாராம்: “இது சைக்கிளா, இல்ல பசார்ல பிளாஸ்டிக் பையில சுத்திக் குடுத்த கோழியா?”

ஞாயித்துக்கிழமை பக்தி

அக்கா ஒரு புதுக் குண்டத் தூக்கிப் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை மேல் மலையில இருக்கிற முனியாண்டி கோயிலுக்குப் போனாங்களாம். அதே ரோடு, அதே வளைவு. கூடையில அன்னதானத்துக்கு அரிசி வேற. ஒரு எடத்துலயும் நிக்கல. எனக்குத் தலை சுத்திப் போச்சு. பாரமும் காரணமில்ல, மேடும் காரணமில்ல, பனியும் காரணமில்ல. நான் படிச்ச படிப்புல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு முன்னால ஒரு எலுமிச்சம்பழத்தக் கட்டினேன், வெக்கத்த விட்டுச் சொல்றேன்.

இதக் கேள்விப்பட்ட கங்காணி என்ன வழியில நிறுத்தி வச்சுச் சொன்னாரு: “வேல நாள்ல படுத்துக்குது, லீவு நாள்ல ஓடுது. இது நம்ம எஸ்டேட்டு வண்டிதான்லா, சந்தேகமே இல்ல.”

பல்லுல கயிறு

இன்னும் ஒரு லேட்டுதான் பாக்கி. அக்கா இப்பல்லாம் என்னத் திட்டுறதுகூட இல்ல, அதுதான் எனக்குத் தாங்கல. லீவு போட்டுட்டு, “இன்னிக்கு நான் ஓட்டுறேன்க்கா, நீங்க குறுக்குப் பாதையில வாங்க”ன்னு பொட்டலத்தோட கெளம்பினேன். காதர் பாய் கடையத் தாண்டுறப்ப பாய் ஓடி வந்து, ஒரு டீ புங்குஸ இடது பக்க பிரேக் கைப்பிடியில மாட்டினாரு. கங்காணிக்காம். கொஞ்ச நாளா தினமும் அக்காதான் கொண்டு போறாங்களாம், கூடையில வச்சா நசுங்கிடும்னு அங்கதான் தொங்கவிடுவாங்களாம். அப்பவும் எனக்கு உறைக்கல.

தார் ரோடு முடிஞ்சு பள்ளம் மேடு வந்துச்சு. ரெண்டாவது வளைவு. மோட்டார் நின்னுருச்சு. மணி பத்தாக இன்னும் கால் மணி நேரம். கரண்டு பார்க்கிற மீட்டர எடுத்தேன், டீ குறுக்க தொங்குதேன்னு கழட்டிக் கல்லு மேல வச்சேன். மோட்டார் ஓடுச்சு. டீய மாட்டி லேசா ஆட்டினேன், நின்னுச்சு. கழட்டினேன், ஓடுச்சு. மூணாவது தடவ பார்த்துட்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துட்டேன். பள்ளத்துல டீ குலுங்கி கைப்பிடிய இழுக்குது, நான் வச்ச கெட்டிக்கார சுவிட்ச் பிரேக் பிடிச்சதா நெனச்சுக் கரண்ட வெட்டுது. கோயிலுக்கு யாரும் டீ கொண்டு போறதில்ல. ரிப்பேருக்கு வந்தப்பல்லாம் வந்த குற்றவாளிய நானே ஸ்ட்ரா போட்டுக் குடிச்சிருக்கேன்.

டீய எங்க வைக்க? கூடை நெறஞ்சிருக்கு, சட்டப் பையில வச்சா நெஞ்சு வெந்துரும். கயித்தப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஏறி மிதிச்சேன். பத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கிறப்ப மேல் மலைக்குப் போய்ச் சேர்ந்தா, முப்பது பேரும் வெட்டுறத நிறுத்திட்டு, வாயில டீ தொங்க வர்ற என்னப் பார்க்கிறாங்க. குறுக்குப் பாதையில வந்து நின்ன அக்காவுக்கு என்ன ஏதுன்னு புரியல. கங்காணி என் வாயில இருந்து டீய எடுத்துக்கிட்டாரு. நான் தாடையத் தடவிக்கிட்டே நடந்ததச் சொன்னேன். அக்கா கேட்டுட்டு, துண்டால கண்ணத் தொடச்சுத் தொடச்சுச் சிரிச்சாங்க. கங்காணி பாதி டீயக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் யோசிச்சாரு: “அப்ப அந்த ரெண்டு லேட்டும் என்னாலதான். வேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆனா நீ அந்த பிரேக்கக் கழட்டிரு ஃபிட்டரே, டீய நிறுத்தாத.”

பிரேக்கக் கழட்டல, கூடையோரமா ஒரு கொக்கி மாட்டிக் குடுத்தேன். இத்தன வருசமா மீட்டரப் பிடிச்சு நான் கத்துக்கிட்டது, வண்டியச் சோதிச்சு முடிக்கிற வரைக்கும் அதுல வந்த டீயத் தொடக்கூடாதுங்கிறது மட்டும்தான்.