வழியை அடைத்த வெள்ளைக் கார்

ஈமான் என்னும் இறைநம்பிக்கைக்கு எழுபதுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டு. உச்சியில் இருப்பது கலிமா என்னும் உறுதிமொழி. அடியில் இருப்பது பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது. நாணமும் அவற்றுள் ஒன்று. எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் உள்ள பள்ளிவாசலில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் நடக்கும் தமிழ்ப் பேச்சில் சென்ற ஆண்டு இதை நான் விளக்கினேன். கல்லூரியில் பயின்றவன் என்பதால் என் சொல்லுக்கு அங்கே மதிப்புண்டு. முன்வரிசையில் எனக்கென்று இடம் விட்டு வைப்பார்கள்.

பேசி முடித்து அமர்ந்தேன். பாங்கு சொல்லும் பிலால் ஒலிபெருக்கியில் ஒரு காரின் எண்ணை வாசித்தார்.

"வெள்ளைக் கார். பள்ளிக்குப் பின்னால ஒரு வீட்டு வாசல மறிச்சி நிக்குது. கொஞ்சம் எடுத்துடுங்க."

அது என் கார். வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சந்தில் இரட்டை வரிசையாக நிறுத்துவது எங்கள் வழக்கம். சற்று நேரம்தானே, அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. பேசும் நேரம் நெருங்கிவிட்டதால் நானும் அப்படியே விட்டு வந்திருந்தேன். இப்போது எழுந்தால் வரிசைகள் அனைத்தையும் கடந்து வெளியேற வேண்டும். பாதையின் இடரைப் பற்றிப் பேசியவன் இவன்தானே என்று ஊரே பார்க்கும். அசையாதிருந்தேன்.

பிலால் மீண்டும் வாசித்தார். "அவசரம். அந்த வீட்டுப் பெரியவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம்."

அருகில் என் சம்பந்தி. பாலத்துக்கு அப்பால் ஜுருவில் கார் உதிரிபாகக் கடை நடத்துபவர். என் பக்கம் குனிந்தார்.

"நம்ம வெள்ளைக் காடியாச்சே, சம்பந்தி."

"இருக்காது," என்றேன்.

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "சாவியக் குடுங்க. என்னோடதுன்னு சொல்லிக்கிறேன்."

கொடுத்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் சன்னல் வழியே ஒரு பெண்ணின் குரல் உள்ளே வந்தது. "ஏன் அங்கிள், சாமி கும்பிட வந்த எடத்துல இப்படித்தான் செய்வீங்களா? எங்கப்பா மூச்சு விட முடியாம உக்காந்திருக்காரு லா!"

"தப்புதாம்மா. மன்னிச்சிடு. இதோ எடுத்துட்டேன்."

இமாமின் குத்பா உரை தொடங்கிவிட்டது. திரும்பி வந்தவர் கடைசி வரிசையில் அமர்ந்தார். அன்று இமாம் சொன்னது எதுவும் என் நினைவில் இல்லை.

தொழுகை முடிந்து வெளிவாசலில் ஒருவர், அண்ணன் முறையில் நானா என்றழைத்து அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன நானா, ஒங்க சம்பந்தி தொண்டை கிழியப் பேசினாரு, காதுல ஏறலியா?"

"வயசாயிடுச்சில்ல, காது அடைச்சிப் போச்சி," என்று அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

பிறகு யாரும் காணாதபடி சாவியை என் சட்டைப் பையில் போட்டார். பிறர் குறையை மறைப்பதும் ஈமானைச் சேர்ந்ததே. நேரம் போதாமல் அன்றைய பேச்சில் அதை விட்டிருந்தேன்.

பெரியவர் சில நாட்களில் நலமாக வீடு திரும்பினார். உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடு அந்த வாசல் வரை பலமுறை போயிருக்கிறேன். பள்ளிவாசலில் பேசுகிறவர் என்ற மரியாதையில், என்னைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து கைகூப்புகிறார். சம்பந்தி உடன் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.